தாங்கள் காட்டும் நபர்

சின்னமனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் இட்லிக் கடை வைத்திருந்த அன்னத்தாய்க்குப் படிப்பு அஞ்சாம் வகுப்புதான். ஆனால் கிரய அக்ரிமெண்டில் வரும் ஒரு வரி அவளுக்குத் தலைகீழ்ப் பாடம்: ‘தங்களுக்கோ, தாங்கள் காட்டும் நபருக்கோ கிரயம் செய்து கொடுப்பேன்.’

அவள் புருஷன் பொன்னுராஜ் மனைப் புரோக்கர். அந்த ஒரு வரியில்தான் அவர் பிழைப்பே ஓடியது. மனைக்காரரிடம் அட்வான்ஸ் கொடுத்து அக்ரிமெண்ட் போடுவார். கெடு முடிவதற்குள் லாபம் வைத்து வேறு ஆளுக்குக் கைமாற்றிவிடுவார். பத்திரம் அந்த ஆள் பேரில் பதிவாகும். இப்படி ஊரில் பாதிப் பேரை வீட்டுக்காரராக்கிய மகராசன், பொண்டாட்டியை மட்டும் இருபது வருஷமாக வாடகை வீட்டில் வைத்திருந்தார். கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இரண்டாயிரத்து ஏழில் ஓடைப்பட்டி ரோட்டில் ஐந்து சென்ட் மனைக்கு அக்ரிமெண்ட் போட்டார். அன்னத்தாய் போய்ப் பார்த்தாள். பக்கத்தில் திராட்சைத் தோட்டம், எதிரே மேகமலை. அடுப்படி எந்தப் பக்கம் வர வேண்டுமென்று காலாலேயே கோடு போட்டுவிட்டாள். மனசு அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

வீட்டுக்கு வந்தால், “தேனிப் பார்ட்டி ஒண்ணு சிக்கிருச்சு. வியாழக்கெழம பத்திரம்” என்றார் பொன்னுராஜ்.

வியாழக்கிழமை கடையை அடைத்துவிட்டு, பத்திரம் எழுதும் ராக்கையாவின் அறைக்கு அவளும் போய் நின்றாள். மனைக்காரர் இருந்தார், தேனிக்காரரும் இருந்தார்.

“யாரு பேருக்கு மாப்ள? ஆளக் காட்டுங்க” என்றார் ராக்கையா.

பொன்னுராஜ் வாயெடுக்குமுன் அன்னத்தாய் முந்திக்கொண்டாள். “காட்டுற ஆளு ஆம்பளையாத்தான் இருக்கணும்னு அதுல எழுதியிருக்காண்ணே?”

“அப்பிடி ஒண்ணுமில்லத்தா.”

“பொண்டாட்டியக் காட்டக் கூடாதுன்னு?”

“அதுவுமில்ல.”

இட்லி விற்றுப் போஸ்டாபீசில் சேர்த்த பணத்தை மேஜையில் வைத்தாள். புருஷனிடம், “ஊரு உலகத்தையெல்லாம் காட்டுனீக. ஒருக்கா என்னையக் காட்டுங்க” என்றாள்.

பொன்னுராஜ் தலையைச் சொறிந்தார். தேனிக்காரரைப் பார்த்து, “ஒங்களுக்கு வேற எடம் பாத்துத் தாரேண்ணே” என்றார். அவரோ, “மொதல்ல தங்கச்சி பேர எழுதச் சொல்லுங்கய்யா” என்று சிரித்தார்.

பொன்னுராஜ் கையை நீட்டி அன்னத்தாயைக் காட்டினார். பேனா ஓட ஆரம்பித்ததும் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்து, “அப்ப எங் கமிசன்?” என்றார்.

“பால் காச்சுறன்னைக்கு வீட்டுக்கு வாங்க, தாரேன்” என்றாள் அன்னத்தாய், கண்ணைத் துடைத்துக்கொண்டே.