கை மாறும் அடுப்பு

கரை கண்ணில் படுவதற்கு முன்னாலேயே அதன் வாசனை வந்துவிடும். ஈரமண்ணும் புகையும் கலந்த அந்த வாசனை உள்ளே நுழைந்ததும் சமையல்காரர் வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினார். மேலே பாய்களைச் சுருட்டிக் கட்டும் சத்தம் கேட்டது. கப்பல் தூக்கத்தில் நடப்பதுபோலத் துறைமுகத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

அந்தப் பாய்மரச் சரக்குக் கப்பலில் ஒவ்வொரு பயணம் முடிந்ததும் பாதிப் பேர் இறங்குவார்கள், வேறு ஆட்கள் ஏறுவார்கள். சமையல்காரர் இறங்கினால் அவர் இடத்தில் ஏறுவது அவருடைய மனைவி. அடுத்த முறை அவள் இறங்க, இவர் ஏறுவார். மகள் கைக்குழந்தையாக இருந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு அது. குழந்தையோடு வீட்டில் ஒருவர் இருக்கவேண்டும், கப்பல் வேலையும் கைவிட்டுப் போகக்கூடாது. அதற்குப் பிறகு இத்தனை வருஷத்தில் இருவரும் சேர்ந்தாற்போல் இருந்ததெல்லாம், சரக்கு இறக்கி ஏற்றுகிற ஓரிரு நாள்தான்.

"உங்களுக்குள்ள சண்டையே வராதுண்ணே. அதுக்கு ஏது நேரம்?" என்று மாலுமிகள் கேலி செய்வார்கள்.

சண்டை இல்லாமலா? அவர் அடுப்புக்கு இடப்பக்கம் வைக்கும் உப்பு ஜாடியை அவள் வலப்பக்கம் மாற்றிவிடுவாள். ஏறியதும் அதைத் திரும்ப நகர்த்தி, "வேணும்னே செய்றா" என்று முணுமுணுப்பார். அந்த முணுமுணுப்பில் ஒரு சுகம். படுத்தால் தலையணையில் அவளுடைய கூந்தல் வாசனை. அவருடைய குடித்தனம் பெரும்பாலும் அப்படித்தான் நடந்தது.

அன்று பலகையில் கால் வைத்து இறங்கியபோது, மனைவியும் மகளும் ஆளுக்கொரு பெட்டியோடு நின்றிருந்தார்கள்.

"அப்பா, எனக்கு வேலை கிடைச்சிருச்சு. வெளியூர்ல. சாயங்காலம் பஸ்" என்றாள் மகள்.

அவர் அவள் தலையைத் தடவினார். சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் கடலில் ஆடிப் பழகிய காலுக்குக் கீழே தரை கூடுதலாக ஆடியது.

"அப்போ நான் வீட்டுக்குப் போய்..."

"சுவரைப் பார்த்துட்டு உக்காந்திருக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"நீயும் ஏறாம இருந்துடேன்."

"இருந்து? ரெண்டு பேரும் சுவரைப் பார்க்கணுமா?"

மகள் சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் கப்பல்லயே போங்களேன். எனக்காக இனிமே யாரும் வீட்ல இருக்க வேண்டாம்."

அது ஏன் தனக்குத் தோன்றவில்லை என்று அவருக்கு வியப்பாக இருந்தது. கூடவே பயமும் வந்தது. பிரிந்திருந்ததால்தான் ஆசை கெடாமல் இருந்ததோ? தினமும் பார்த்தால் சலித்துவிடுமோ? மனைவியை ஓரக்கண்ணால் பார்த்தார்.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றாள் அவள். "அதுக்காக? போய்க் கேளுங்க."

கேப்டன் தாடியைச் சொறிந்தார். "ஒரு அடுப்புக்கு ரெண்டு பேர் ஆகாது. ஆனா பாய் தைக்கிறவர் இன்னைக்கு இறங்கிட்டார். ஊசி பிடிக்கத் தெரியுமா?"

"சாக்கு தைச்சிருக்கேன்."

"பாயும் பெரிய சாக்குதான். ஏறுங்க."

சாயங்காலம் மகளை பஸ்ஸில் ஏற்றிவிட்டு இருவரும் கப்பலுக்குத் திரும்பினார்கள். வழியெல்லாம் மனைவி அடிக்கடி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

காற்று வாகாக வீசிய ஒரு காலையில் கப்பல் கிளம்பியது. கிழிந்த பாயை மடியில் போட்டுக்கொண்டு அவர் மேல்தளத்தில் தைத்துக்கொண்டிருந்தார். வெயில் இதமாக இருந்தது. தண்ணீர் பலகையை உரசும் சத்தத்தில் கண் செருகியது. தைக்கிறோமா, தைப்பதாகக் கனவு காண்கிறோமா என்றே தெரியவில்லை.

கீழேயிருந்து தாளிக்கிற சத்தம் வந்தது. பின்னாலேயே அவள் தட்டோடு மேலே வந்து, தையலைக் குனிந்து பார்த்தாள்.

"இதென்ன, பாயா கொசுவலையா?"

"மொதல்ல சோத்தைக் குடு."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கரை ஒரு கோடாக மெலிந்து, பிறகு அதுவும் இல்லாமல் போயிற்று. அவள் சமைத்ததை நடுக்கடலில் அவர் சாப்பிடுவது அதுதான் முதல் தடவை. அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வாயாகச் சாப்பிட்டார்.