கோணல் சீட்டு

மூன்று மாதத்தில் நான்காவது ஹேண்டில்பாரை வண்டியில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தார் தராசுக்காரர். வண்டியை விட்டு இறங்கினார் என்று சொல்ல முடியாது. தன்னைத்தானே கழற்றி எடுத்தார். இடது தோளிலிருந்து இடுப்பு வரை யாரோ கயிறு கட்டி இழுப்பது போல வலி.

கடை கடையாகப் போய்த் தராசுகளைப் பழுதுபார்ப்பது அவர் வேலை. இடது தோளில் எடைக்கற்கள் அடைத்த தோல் பை, வலது கையில் ஆக்ஸிலரேட்டர். இருபது வருஷமாக இதே கோலம்தான். ஒரு தட்டு நூலளவு சாய்ந்திருந்தாலும் கடை வாசலில் நின்றே சொல்லிவிடுவார். அதில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

தாழ்வான ஹேண்டில்பாரைப் போட்டபோது, தொலைந்த சாவியைத் தேடுகிறவர் மாதிரி ஊரெல்லாம் குனிந்து போனார். உயரமானதைப் போட்டபோது துணி காயப்போடுகிறவர் மாதிரி. சீட்டிலும் இதே கதை. மெத்தென்று ஒன்று வாங்கினார். காலையில் உட்கார்ந்தவரை மாலையில் தோண்டி எடுக்க வேண்டியிருந்தது. கெட்டியானதற்குப் பஸ் ஸ்டாண்டு பெஞ்சே தேவலாம். மெக்கானிக் கடைசியில் கையை விரித்துவிட்டார்.

"அண்ணே, வண்டிக்கு ஒரு கொறையும் இல்ல. நீங்க வேற ஆளா மாறினாத்தான் உண்டு."

இதற்கு நடுவில் அவருடைய கம்பெனி மேனேஜர் இரக்கப்பட்டார். முதல் தேதியிலிருந்து அலைய வேண்டாம், ஆபீஸிலேயே உட்கார்ந்து வேலை பார்க்கலாம் என்றார். காலியாக இருந்த மேஜை மேனேஜருக்கு நேர் எதிரே இருந்தது. மேனேஜர் தன் சிறுநீரகக் கல்லைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மதியச் சாப்பாடு வரை கல் நகராது. தெருத்தெருவாகச் சுற்றி, கடைக்கு ஒரு கதை கேட்டுப் பழகிய மனுஷருக்கு அந்த நாற்காலியை நினைத்தாலே வலி இரண்டு மடங்கானது. முதல் தேதிக்கு இன்னும் எட்டு நாள்தான் இருந்தது.

அவர் மனைவி தையல்காரி. இத்தனை நாளும் மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள், அன்று கழுத்தில் டேப்போடு எழுந்து வந்தாள். வண்டியை நடு ஸ்டாண்டில் நிறுத்தி ஏறி உட்காரச் சொன்னாள். பின்னால் போய் ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தாள்.

"நீங்க இடது பக்கம் சரிஞ்சிருக்கீங்க. வண்டி நேரா இருக்கு. வலிக்காம என்ன செய்யும்?"

"சாய்வைப் பத்தி எனக்கே சொல்றியா? சட்டை தோள்ல எப்படி நேரா நிக்குது பாரு."

"நிக்கும். இடது தோள்ல அரை இஞ்ச் இறக்கி வெட்டினா நிக்காம எங்க போகும்? பதினெட்டு வருஷமா அப்படித்தான் வெட்டுறேன்."

தராசுக்காரர் எங்கும் போகாத வண்டியின் மேல் உட்கார்ந்தபடி சட்டையின் இடது தோளைத் தடவிப் பார்த்தார். ஊரில் எத்தனை கடைக்காரர்களிடம் 'உன் தட்டு சாய்ஞ்சிருக்கு' என்று அதட்டியிருப்பார்!

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"அளவு கொடுக்க வர்றவங்ககிட்ட கோணலைச் சொல்றது எங்க தொழில்ல வழக்கமில்லைங்க."

மறுநாள் சீட்டு உறையைப் பிரித்து, இடது பக்க ஸ்பாஞ்சை ஒரு விரல் கனம் செதுக்கினாள். பின்சீட்டைத் தொடவில்லை, அது அவள் உட்காரும் இடம். மெக்கானிக்கிடம் ஹேண்டில்பாரையும் இடப்பக்கம் தாழ்த்தச் சொன்னபோது அவர் துடித்துப் போனார். தன் கையால் நேரான வண்டியைக் கோணலாக்க மாட்டேன் என்று ஒரு டீ குடித்து முடிக்கும் வரை பிடிவாதமாக இருந்தார். பிறகு வலப்பக்கக் கிளாம்புக்கு அடியில் இரண்டு வாஷர்களைச் செருகினார். யார் செய்தது என்று மட்டும் வெளியே சொல்லக்கூடாது என்று கேட்டுக்கொண்டார்.

ஆறு நாள் ஓட்டினார். ஒரு முனகல் இல்லை.

முதல் தேதி ஆபீஸுக்குப் போய், நாற்காலி வேண்டாம் என்றார். மேனேஜர் நம்பவில்லை. சாவியை வாங்கி, தானே தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறங்கும்போது ஒரு கை இடுப்பில் இருந்தது, தலை ஒரு பக்கமாகத் தொங்கியது.

"இதுலயாய்யா ஓட்டுறே?"

"சுகமா இருக்கு சார்."

மேனேஜர் சாவியைத் திருப்பிக் கொடுத்தார். அந்த மேஜை ஸ்டோர் கீப்பர் தலையில் விழுந்தது.

சாயங்காலம் மனைவி தோல் பைக்கு நீளமாக ஒரு வார் தைத்து வைத்திருந்தாள். நாளையிலிருந்து வலது தோளில் மாட்ட வேண்டும் என்றாள்.

"அப்ப நான் நிமிர்ந்துட்டா? சீட்டு என்னாகும்?"

"சீட்டு ஒண்ணுதான், ஸ்பாஞ்சு ஒட்டிக்கலாம். சட்டை பதினாலு இருக்கு. மெதுவா நிமிருங்க."