மோந்து பார்க்காத பூ

நாலாம் வகுப்போடு நின்றவள். எழுத்தும் கோணல், மறதியும் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள். நியூ ஜெர்சியில் மகன் வீட்டுக்குப் பின்னாலுள்ள காட்டில், பனி உருகிய சேற்றில் சங்கு போல ஒரு பூ முளைத்திருந்தது. வருஷத்தின் முதல் பூ பிள்ளையாருக்குத்தான் என்று பறித்துவந்து வைத்தேன். வீடே நாறிப்போனது.

"ஸ்டிங்கி, பாட்டி!" என்று பேத்தி ஓடினாள்.

"பறிக்கும்போது மோந்து பாக்கலையா அத்தை?" என்றாள் மருமகள், ஜன்னலைத் திறந்தபடி.

"சாமிக்கு வைக்கிற பூவை மோந்து பாக்கலாமாம்மா?"

எங்கள் ஊர் நந்தவனத்தில், ஈர மண்ணும் கிணற்று ராட்டினச் சத்தமுமான விடியலில், "மூக்கைப் பிடிங்க கழுதைகளா" என்று பண்டாரம் அதட்ட, ஒரு கையால் மூக்கையும் மறுகையால் பூவையும் பிடித்தே வளர்ந்தவள் நான். இந்தப் பூவையும் அப்படித்தான் கொண்டுவந்தேன். அவ்வளவு நீள மூக்கோடு அதன் எதிரே உட்கார்ந்திருந்த பிள்ளையார்தான் பாவம்.

நந்தவனம் இப்போது பஸ் ஸ்டாண்டாம். அங்கிருந்த செண்பகம் அப்படி மணக்கும் என்பார்கள். அன்று திருட்டுத்தனமாக மோந்தவர்கள் யாராவது இருந்தால், உண்மைதானா என்று சொல்லுங்கள்.