சம்மாட்டியாரின் சப்பாத்தைப் பாடவைத்தவர்

சிலாபம் மீன்சந்தையில் ஒரு பாரையைத் தூக்கிச் செவுளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். எதிரே கூடையோடு இருந்த எங்கள் ஊர்க் கரை வியாபாரி, “மாஸ்டர், அத வைங்க. உங்களுக்கு ஆள் அனுப்பல்லையா? திரேசம்மாக்கா விடியக்குள்ள மோசம் போயிட்டா” என்றார். மீனை வைத்தேன். உலக யுத்தம் முடிந்தும் பஸ் இன்னும் ஒழுங்காக ஓடவில்லை. ஒரு தேங்காய் லொறியில் தொற்றிக்கொண்டுதான் அடக்கத்துக்குப் போய்ச் சேர்ந்தேன்.

அவரை அறிந்த உங்களுக்கு நான் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். திரேசம்மா எங்கள் மாதா கோயிலில் ஆர்மோனியம் வாசித்தவர். கலியாணம் முடிக்காமல் அண்ணன் வீட்டிலேயே இருந்தவர். அந்த அண்ணன்தான் எங்கள் கரையின் பெரிய சம்மாட்டியார். வள்ளமும் கரைவலையும் அவருடையவை, வலை இழுக்கும் ஆட்களும் அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவர்கள். மரணப் பூசை வைத்த சுவாமி, திரேசம்மாவை அடக்கமான பெண்மணி என்று புகழ்ந்தார். சுவாமி பங்குக்குப் புதியவர், மன்னித்துவிடலாம். “இந்தக் கோயில்ல சுருதி பிசகாம நிக்கிறது ரெண்டு பேர்தான். ஒண்டு நான், மற்றது கோபுரத்து மணி” என்று முன்பிருந்த சுவாமியின் முகத்துக்கு நேரே சொன்னவர் திரேசம்மா.

எங்களைச் சேர்த்துவைத்தது ஒரு சப்பாத்து. யுத்தத்துக்குப் பல வருஷம் முன்பு நான் ‘சம்மாட்டியாரின் சப்பாத்து’ என்றொரு நகைச்சுவை நாடகம் எழுதினேன். அரசாங்க ஏஜெண்டான வெள்ளைக்காரத் துரை கரையைப் பார்க்க வருகிறார் என்று கேள்விப்பட்டு ஒரு சம்மாட்டி கொழும்பில் காலுக்குச் சப்பாத்து வாங்கி மாட்டுகிறார். துரை வரும்போது அது ஈர மணலில் புதைந்துவிடுகிறது. அசைய முடியாமல் விறைத்து நிற்பவரைப் பார்த்து, இதுதான் இந்த ஊர் மரியாதை போலும் என்று துரையும் விறைத்து நிற்கிறார். கடலோ ஏறிக்கொண்டே வருகிறது. நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தின் மண்டபத்தில் ஒருமுறை போட்டோம். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திரேசம்மாவின் அண்ணன் சிரிக்கவில்லை. அவரிடமும் ஒரு சோடிச் சப்பாத்து இருந்தது. நான் அவரை மனதில் வைத்து எழுதவில்லை என்று சத்தியம் செய்தும் பயனில்லை. மறுநாளே சப்பாத்தைப் பெட்டிக்குள் போட்டுப் பூட்டினார். இனி அந்த நாடகத்தில் நடிப்பவனுக்குத் தம் வலையில் இடமில்லை என்றும் சொல்லிவிட்டார். நடித்தவர்கள் அனைவரும் வலை இழுப்பவர்கள். நாடகம் அன்றோடு படுத்துவிட்டது.

நெடுநாள் கழித்துத் திரேசம்மா பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

“மாஸ்டர், உங்கட நாடகத்த எனக்குத் தாங்க. பாட்டு வைக்கப் போறன்.”

“உங்கட அண்ணனுக்குத் தெரியுமா?”

“தெரிஞ்சா நான் ஏன் இங்க வாறன்? நல்ல நாடகம், செத்துக் கிடக்குது. ஆனா ஒண்டு சொல்லுறன், கோவிக்காதீங்க. உங்கட ஆட்கள் வாயால மட்டுந்தான் கதைக்கிறாங்க. கடக்கரை ஆள் அப்பிடியா கதைக்கிறான்? கை இழுக்கும், கால் மிதிக்கும், வாய் பாடும்.”

கோவிக்காமல் என்ன செய்வேன்? எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவர் அடுத்துச் சொன்னதைக் கேட்டு நாடகத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வலை இழுக்கும்போது பாடும் அம்பாப் பாட்டுக்கு எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. வலைக் கயிறான வடத்தில் கை இருக்கும்வரை யாரையும் கேலி செய்து பாடலாம். சம்மாட்டியானாலும் சுவாமியானாலும் கோபிக்கக் கூடாது. கோபித்துப் பாட்டை நிறுத்தினால் இழுவை குலைந்து, வலையின் மடியில் வந்த மீன் போய்விடும். “நீங்க சப்பாத்தக் கதையாச் சொன்னீங்க, அது குத்தமாப் போச்சு. நான் வடத்தில கட்டிப் பாடுறன். அண்ணன் எப்பிடிக் கோவிக்கிறார் எண்டு பாப்பம்” என்றார் திரேசம்மா.

அதன்பின் என் நாடகம் பட்ட பாட்டை என்ன சொல்ல! துரைக்கு நான் எழுதிய நீண்ட பேச்சை வெட்டி எறிந்து, அந்த இடத்தில் ஆர்மோனியத்தை முழங்கவிட்டார். கடைசிக் காட்சியில் சம்மாட்டியின் இடுப்பில் வடத்தைக் கட்டி ஊரே அம்பா பாடி இழுப்பதாக மாற்றினார். “இது என் நாடகமே இல்லை” என்றேன். “ஓம், இப்பதான் நாடகமாயிருக்கு” என்றார். கோயில் பாட்டுப் பழகுகிறேன் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டுப் பின்னேரங்களில் பள்ளிக்கூடத்துக்கு வருவார். ஆர்மோனியத்துக்குச் சிலாபத்திலிருந்து ஆள் வருகிறது என்று ஊரில் கதை கட்டினோம். திரைக்கு, கனமூலை ஊர் முஸ்லிம் துணி வியாபாரி, நாங்கள் நானா என்று கூப்பிடுபவர், ஒரு பச்சைத் துணி கொடுத்தார்.

சம்மாட்டியாக நடித்த சூசைக்கு உள்ளூர நடுக்கம்தான். வலையில் இடம் போனால் அவன் வீட்டு அடுப்பு எரியாது. திரேசம்மாவுக்கோ இருக்கும் வீடே போய்விடும். ஒருநாள் சூசை, “அக்கா, அண்ணன் வழக்கத்த மதிக்காட்டி?” என்று கேட்டான். “மதிக்காட்டி நானும் உன்னோட வடம் பிடிக்க வாறன். என்ட குரலுக்கு மீன் தானா வரும்” என்றார் அவர். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

கோயில் திருநாள் அன்று பின்னேரம் மேடை போட்டோம். முன்வரிசைக் கதிரையில் சம்மாட்டியார் வெறுங்காலோடு வந்து உட்கார்ந்தார். சுவாமி கூப்பிட்டதால் வந்தாரே தவிர முகம் சரியில்லை. ஆர்மோனியம் பச்சைத் திரைக்குப் பின்னால் இருந்தது. நான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சப்பாத்து மேடைக்கு வந்ததும் சனம் சம்மாட்டியாரைப் பார்த்தது. ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. அப்படியே கடைசிக் காட்சி வந்தது. மேடை சிறியது என்பதால் வடத்தின் வால் கீழே சனத்துக்குள் கிடந்தது. சூசை பாடினான்:

சப்பாத்து இறுக்குதடா — ஏலேலோ
சமுத்திரம் சிரிக்குதடா — ஏலேலோ

முதல் ‘ஏலேலோ’ மேடையிலிருந்து வந்தது. இரண்டாவது முன்வரிசையிலிருந்து வந்தது. பார்த்தால், சம்மாட்டியார்! வலை இழுத்து வளர்ந்த உடம்பு, யோசிக்க முன்னமே வாய் பதில் சொல்லிவிட்டது. அவ்வளவுதான், ஊரே பிடித்துக்கொண்டது. அம்பா கேட்டால் கை சும்மா இருக்குமா? முன்னால் இருந்தவர்கள் வடத்தின் வாலைப் பிடித்து, மெய்யாகவே இழுத்துவிட்டார்கள். வடம் திரை கட்டிய கம்பத்தைச் சுற்றிக் கிடந்ததை யாரும் கவனிக்கவில்லை. கம்பம் பிடுங்கிக்கொண்டு வந்தது, பச்சைத் திரை சரிந்தது. சூசை சனத்தின் மடியில் போய் விழுந்தான். சப்பாத்து மட்டும் மேடையில் நின்றது.

திரை இருந்த இடத்தில் ஆர்மோனியத்தோடு திரேசம்மா இருந்தார்.

பாட்டு நின்றுவிட்டது. அண்ணன் தங்கையைப் பார்த்தார். தங்கை எழும்பவும் இல்லை, தலை குனியவும் இல்லை; விரல்களை ஆர்மோனியக் கட்டையிலேயே வைத்திருந்தார். சம்மாட்டியார் எழுந்து போய், கிடந்த வடத்தைக் கையில் எடுத்தார்.

“ஏன்டி நிப்பாட்டினாய்? வலை இன்னும் கடல்ல கிடக்கு. வாசி.”

திரேசம்மா வாசித்தார். அப்படியொரு சிரிப்பை அந்தக் கரை அதற்கு முன் கேட்டதில்லை. நானா தம் துணி மிதிபடுவதைக் கவனிக்காமல், “அல்லாவே, வயிறு நோவுது” என்று கண்ணைத் துடைத்தார். அடுத்த ஞாயிறு சம்மாட்டியார் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பூசைக்கு வந்தார். சூசையின் இடம் அப்படியே இருந்தது. பிறகு புத்தளத்திலும் கூப்பிட்டு ஆடவைத்தார்கள். அங்கே உப்பளத்தில் உப்பு அள்ளுகிறவர்கள் இன்றும் அந்தப் பாட்டைப் பாடித்தான் அள்ளுகிறார்கள். யார் வைத்த பாட்டு என்று அவர்களுக்குத் தெரியாது. “தெரியாட்டிப் பரவாயில்ல மாஸ்டர், எனக்குத் தெரியுமே” என்பார் திரேசம்மா. அந்தப் பெருமை அவருக்குத் தகும். எனக்கும் அவரைப் பற்றி அதே பெருமைதான். இவ்வளவு காலமும் வெளியே சொல்லாமல் வைத்திருந்தேன்.

சேமக்காலையில் சுவாமி செபம் முடித்துப் போன பிறகு, வலை வடத்தில்தான் சவப்பெட்டியைக் குழிக்குள் இறக்கத் தொடங்கினார்கள். சம்மாட்டியார் இப்போது கிழவர். அவருடைய சப்பாத்து மணலில் புதைந்திருந்தது. அதைக் கழற்றி வைத்துவிட்டு வந்து வடத்தைப் பிடித்தார். யாரும் எதிர்பாராமல், கம்மிய குரலில் பாட்டை எடுத்தார்:

அண்ணனைப் பாடவைச்ச — ஏலேலோ
ஆங்காரி போறாளடா — ஏலேலோ

வடத்தில் கை இருக்கும்வரை யாரையும் கேலி செய்யலாமே. அழுதுகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள், சிரித்துக்கொண்டே பதில் சொன்னார்கள். அந்த நாடகம் ஆடிய இடமெல்லாம் எழுதியவன் என்ற மிடுக்கோடு கையைக் கட்டி நின்றவன் நான், ஒருதரமும் வாய் திறந்து பதில் பாடியதில்லை. அன்று நானும் குனிந்து வடத்தைப் பிடித்தேன். திரேசம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு ‘ஏலேலோ’. அதை அவருக்குக் கேட்கும்படி உரக்கவே சொன்னேன்.