ஆட்சேர்ப்பு என்று எழுதிய தாள்

போர்க்காலத்தில் கொழும்பில், கடற்றொழிலோடு சம்பந்தப்பட்ட ஓர் அரசாங்கக் கந்தோரில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தேன். மீன்பிடிச் சொற்களுக்கு மும்மொழிப் பட்டியல் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. ஆங்கிலமும் சிங்களமும் நிரம்பியிருந்தன. தமிழ்ப் பக்கம் வெறுமையாகக் கிடந்தது. யாழ்ப்பாணத்தில் கரையை விட்டு உள்ளே இருக்கும் ஊரில் பிறந்த எனக்கு மீனைத் தட்டில்தான் தெரியும். வெள்ளவத்தையில் என் வாடகை அறை ஜன்னலால் கடல் தெரியும். அது ஒரு சொல்லும் தரவில்லை.

கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் வடக்கிலிருந்து வந்த கடற்றொழிலாளி ஒருவர் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். ஐம்பது வயதிருக்கும். கடலுக்குப் போகத் தடை வந்ததும் படகை விட்டுவிட்டு மனைவியோடு வந்திருந்தார். மகள் கனடாவில், தூதரக நேர்முகத்துக்காகக் காத்திருந்தார்கள். வேலையில்லாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்கு என் கேள்விகள் பிடித்துப்போயின. சனிக்கிழமைகளில் போவேன்.

"தேடிப்போற மீனோட வேற மீனும் வலையில வரும்தானே அண்ணை, அதுக்கு என்ன பேர்?"

"சூடைக்குப் போனால் சூடை. கூட வாறது வீட்டுக் கறிக்கு. அதுக்கேன் தம்பி பேர்?"

குஞ்சு மீன்கள் வளர்ந்து, பிடிபடும் அளவுக்கு வந்து சேர்வதை ஆங்கிலத்தில் ஆள் சேர்க்கும் சொல்லாலேயே குறிப்பார்கள். நான் 'ஆட்சேர்ப்பு' என்று எழுதிக் கேள்விக்குறி போட்டிருந்தேன். அதை வாசித்து அவர் சிரித்தார்.

"இயக்கம் கடலிலயும் ஆள் சேர்க்கத் தொடங்கியிட்டுதோ? நாங்கள் 'குஞ்சு வலைக்கு வந்திட்டுது' எண்டுதான் சொல்லுவம். தாளைத் தந்திட்டுப் போங்கோ, யோசிச்சுப் பாக்கிறன்."

கொடுத்துவிட்டு வந்தேன். ஆட்சேர்ப்பு, இலக்கு, இறங்குதுறை, இறப்பு வீதம். எல்லாம் என் கையெழுத்தில்.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை அவருடைய மனைவி என் அறை வாசலில் நின்றார். விடியற்காலையில் பொலிஸார் லொட்ஜைச் சுற்றிவளைத்துச் சோதித்திருக்கிறார்கள்.

"எல்லாரையும் விட்டிட்டினம் தம்பி. இவற்ற சேட்டுப் பொக்கற்றுக்குள்ள உங்கட தாள் இருந்தது. இவரை மட்டும் ஏத்திக்கொண்டு போட்டினம். நீங்கள் வந்து, இது மீன் விசயமெண்டு ஒருக்காச் சொல்லுங்கோ."

"ஓம் அக்கா. கந்தோருக்குப் போய்க் கடிதம் எடுத்துக்கொண்டு வாறன். நீங்கள் போங்கோ."

கந்தோரில் என்னுடன் பட்டியலில் வேலைசெய்தவர் ஒரு சிங்கள உயிரியலாளர். விஷயத்தைச் சொன்னேன். கடிதத்தில் கையெழுத்திட வேண்டிய மேலதிகாரி வெளியூர் போயிருந்தார், வியாழக்கிழமைதான் வருவார். உயிரியலாளர் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார். "கடிதம் பிறகு வரட்டும். நாங்கள் இருவரும் இப்போதே போவோம்" என்றார்.

நான்தான் வேண்டாம் என்றேன். கடிதமில்லாமல் போனால் நம்பமாட்டார்கள் என்று காரணம் சொன்னேன். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். நான் பயந்தது வேறொன்றுக்கு. எழுதியது யார் என்று கேட்பார்கள். நான் என்று சொல்ல வேண்டும். சொன்னபின் நான் வெளியே வருவேனா? அன்றும் மறுநாளும் மேசையில் இருந்து வேலை செய்தேன். என்ன செய்தேன் என்று இப்போது நினைவில்லை.

வியாழன் மத்தியானம் கடிதத்தோடு பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். பொறுப்பதிகாரி மரியாதையாகத்தான் கதைத்தார். தாளின் பிரதியைக் காட்டி, மீனுக்கும் ஆள் சேர்க்கிறார்களா என்று சிங்களத்தில் கேட்டார். உயிரியலாளர் பொறுமையாக விளக்கினார். அதிகாரி தலையாட்டினார். கடிதத்தை மடித்துத் திருப்பித் தந்தார்.

"செவ்வாய்க்கிழமை வந்திருந்தால் நானே விட்டிருப்பேன். நேற்றுப் பின்னேரம் தடுப்புக் கட்டளை போட்டு ஆளைத் தடுப்பு முகாமுக்கு அனுப்பியாயிற்று. இனி என் கையில் இல்லை."

வெளியே வந்ததும் உயிரியலாளர் எனக்காக நிற்காமல் தனியாக நடந்து போனார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

பிறகு நீதிமன்றங்கள் இருக்கும் புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியைப் பிடித்தேன். தவணைக்கு மேல் தவணை போனது. மூன்றாவது மாதத்தில் தூதரக நேர்முகத்துக்கு அந்த அக்கா தனியாகப் போனார். கணவன் எங்கே என்று கேட்டார்கள். சொன்னார். அவர்களுடைய விண்ணப்பம் அதோடு முடிந்தது. பட்டியலும் அச்சாகிவிட்டது, சொற்குழு 'ஆட்சேர்ப்பு' என்பதையே வைத்துக்கொண்டது. மீனவர்கள் அப்படிச் சொல்வதில்லை என்று கூட்டத்தில் ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பதினோரு மாதம் கழித்து, குற்றச்சாட்டு எதுவும் இல்லாமல் அவரை விட்டார்கள். கேள்விப்பட்ட அன்றே லொட்ஜுக்குப் போனேன். கட்டிலில் இருந்தார். பாதி ஆளாகியிருந்தார். பேசும்போது வலது காதை என் பக்கம் திருப்பினார். இடது காது கேட்கவில்லை என்று அக்கா சொன்னார். எனக்குத் தேத்தண்ணி வைத்தார்.

"அண்ணை, நான் உடன வந்திருக்கவேணும்" என்றேன்.

"வந்திருந்தால் உங்களையும் வைச்சிருப்பாங்கள்" என்றார் அவர்.

என்னைத் தேற்றச் சொன்னாரா, உண்மையில் அப்படி நினைத்தாரா, தெரியவில்லை. அக்கா அவரைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"இல்லை. விட்டிருப்பினம். அந்த அதிகாரி எனக்கும் சொன்னவர்."

தேத்தண்ணி ஆறி, மேலே ஆடை படிந்தது. அடுத்த கிழமை அவர்கள், தரைப்பாதை மூடியிருந்ததால், கப்பலில் ஊருக்குத் திரும்பினார்கள். தொழில் இல்லாத, படகு இல்லாத கரைக்கு. வழியனுப்ப வரட்டுமா என்று நான் கேட்டிருந்தேன். வேண்டாம் என்றார் அக்கா.