கால் நீட்டக் கூடாத திசை

அரங்கனைத் தினமும் சேவிக்கிறவர்களுக்கும், சேவிக்க மனம் வராமல் வீட்டிலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அடியேன் எழுதுவது. இனி நான் என்றே எழுதுகிறேன். நடந்தது எனக்கு.

என் குழந்தை பிறந்ததும் போனதும் எனக்கு ஒரே செய்தியில் வந்தது. "பெண் குழந்தை பிறந்து தவறிவிட்டது. வேதவல்லி நலம்." ஸ்ரீரங்கத்திலிருந்து என் மைத்துனர் அனுப்பிய தந்தி, எங்கெங்கோ சுற்றி, ரேடியோ வழியாகத் தென்துருவக் கண்டத்தின் கரையில் நாங்கள் இருந்த குடிசைக்கு வந்து சேர்ந்தது. ரேடியோக்காரர் டாம் அதை இங்கிலீஷில் படித்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் எழுந்து போனார். அப்போது ஆனி மாதம். சூரியன் உதிப்பது நின்று போயிருந்தது.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சி விமான நிலையத்தில் வானிலை பார்க்கிற வேலை எனக்கு. தென்துருவக் கண்டத்தில் ஒரு குளிர்காலம் முழுக்கத் தங்கிக் காற்றும் குளிரும் அளக்க, ஒரு வெளிநாட்டு ஆராய்ச்சிக் குழு ஆள் கேட்டது. யாரும் என்னைப் பிடித்துத் தள்ளவில்லை. நானாகத்தான் பெயர் கொடுத்தேன். கடல் தாண்டினால் ஆசாரம் போச்சு என்று தெருவில் பேசினார்கள். பேசட்டும் என்று விட்டேன். என் மனைவி வேதவல்லிக்கு அப்போது இரண்டு மாதம். கிளம்புகிற அன்று அவள் அழவில்லை.

"பெருமாள் தெற்கே பார்த்துண்டுதானே சயனிச்சிண்டிருக்கார். அவர் பார்க்கற பக்கம்தானே போறேள். போயிட்டு வாங்கோ" என்றாள்.

கப்பல் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியதும் கடல் உறைந்துவிடும். அடுத்த தையில்தான் மறுபடி கப்பல். நடுவில் வீட்டில் என்ன நடந்தாலும் கிளம்பிப் போக வழி கிடையாது. அரிசியும் பருப்பும் தனியாகப் பொங்கிச் சாப்பிட்டு, சந்தியாவந்தனத்தை விடாமல் செய்துவந்தேன். வைகாசியில் இருட்டு வந்ததும் அதிலும் குழப்பம். உதிக்காத சூரியனுக்கு எப்போது அர்க்கியம் விடுவது? கடிகாரத்தைப் பார்த்து விட்டேன். தந்தி வந்த பிறகு அதையும் நிறுத்தினேன்.

அவள் பிரசவ வலியில் கிடந்தபோது நான் பனியில் குளிர் அளந்துகொண்டிருந்தேன். அந்த நினைப்பு என்னைத் தின்றது. பேச்சு நின்றது. சாப்பாடு இறங்கவில்லை. "குளிர்காலம் முடியப் போகுது, கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்று டாம் அவர் பாஷையில் சொல்லிப் பார்த்தார். முடிந்து நான் யார் முகத்தில் போய் விழிப்பது?

ஆடி பிறந்தது. கருவிகள் வைத்த மரப்பெட்டி குடிசைக்குத் தெற்கே, கூப்பிடு தூரத்தில் இருந்தது. பனிப்புயலில் நீட்டிய கை தெரியாது என்பதால் குடிசையிலிருந்து பெட்டி வரை கயிறு கட்டியிருந்தோம். அதைப் பிடித்துக்கொண்டுதான் போய் வர வேண்டும். ஒரு நண்பகலில் புயலுக்கு நடுவே போனேன். பெட்டியில் அளவு பார்த்துவிட்டுத் திரும்பினால் கயிற்றைக் காணோம். கம்பங்கள் சாய்ந்து பனி மூடியிருக்க வேண்டும். கொஞ்சம் துழாவினேன். பிறகு விட்டுவிட்டேன். பெட்டியின் காலில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி உட்கார்ந்தேன். சற்று நேரத்தில் குளிர் வலிக்காது, தூக்கம் வரும், அதோடு சரி என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் உட்கார்ந்தேன்.

காற்று முதுகுப் பக்கம் அறைந்தது. அங்கே காற்று எப்போதும் தெற்கேயுள்ள பனிமேட்டிலிருந்து இறங்கி வரும். அப்படியென்றால் என் கால் நீண்டிருப்பது வடக்கே. வடக்கேதான் ஸ்ரீரங்கம். பெருமாள் என்னைப் பார்த்துப் படுத்திருக்கிறார், நான் அவர் பக்கம் காலை நீட்டிக்கொண்டு சாகப் போகிறேன்.

பக்தி என்று நினைத்துவிடாதீர்கள். வெறும் பழக்கம். சந்நிதிப் பக்கம் கால் நீட்டினால் தொடையில் கிள்ளு வாங்கி வளர்ந்தவன் நான். சட்டென்று காலை மடக்கினேன். மடக்கிய வேகத்தில் எழுந்தும் விட்டேன். இந்நேரம் வேதவல்லி சந்நிதியில் வடக்கே பார்த்து நின்றிருப்பாள் என்று தோன்றியது. நானும் வடக்கே பார்த்துக் குப்புற விழுந்து, கைகளை நீட்டிச் சேவித்தேன். "அவளைத் தனியாக விட்டுவிடாதே" என்றேன். எனக்கென்று எதுவும் கேட்கவில்லை.

நீட்டிய கை பனிக்குள் புதைந்தது. அங்கே கயிறு இருந்தது.

அதைப் பிடித்துத் தவழ்ந்தே குடிசைக்கு வந்தேன். டாம் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு மணியடித்தபடி நின்றிருந்தார். என்னை உள்ளே இழுத்துப் போட்டுவிட்டு அவர் அழுதார். வலது கையில் இரண்டு விரல் நுனிகள் போயின. கயிறு அங்கேதானே கிடந்திருக்கும், இதில் என்ன அதிசயம் என்று திருச்சியில் ஒரு நண்பர் கேட்டார். கயிறு அங்கேதான் கிடந்தது. குனிய எனக்குத்தான் மனமில்லாமல் இருந்தது.

ஆடிப்பெருக்கை ஒட்டி ஒரு நண்பகலில், வடக்கு ஓரத்தில் சூரியனின் விளிம்பு தெரிந்தது. நுனி போன விரல்களோடு அர்க்கியம் விட்டேன். நீர் காலடியிலேயே உறைந்தது.

தையில் கப்பல் வந்தது. பங்குனியில் ஸ்ரீரங்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். வேதவல்லி பாதியாக இளைத்திருந்தாள். வீட்டில், குழந்தைக்கென்று வாங்கி வைத்த தூளி கட்டாமலே மடித்துக் கிடந்தது. அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அன்னிக்கு நீ சந்நிதியிலே நின்னிருப்பே. அதான் நான் பிழைச்சேன்" என்றேன்.

அவள் நுனி போன என் விரல்களைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

"நான் போகலை. ஆனியிலேருந்து கோபுரத்தைக்கூட ஏறெடுத்துப் பார்க்கலை. அவரோட கோச்சுண்டுட்டேன். உங்களுக்காகக்கூட வேண்டிக்கலை" என்றாள்.

நான் மனக்கண்ணில் கண்ட இடத்தில் அவள் நிற்கவே இல்லை. எனக்காகக் கேட்க அங்கே யாரும் இல்லை. நான் கேட்டதும் ஒன்றே ஒன்று: அவளைத் தனியாக விடாதே. அதற்கு அவர் அனுப்பி வைத்த ஆள் நான்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்குக் குழந்தை இல்லை. அந்தத் துக்கம் வீட்டைவிட்டுப் போகவும் இல்லை. அவள் மறுபடி சந்நிதிக்கு வரச் சில மாதங்கள் ஆயின. நான் வற்புறுத்தவில்லை. இப்போது இருவரும் சேர்ந்து போகிறோம், பெரும்பாலும் எதுவும் கேட்பதில்லை.

பெருமாளோடு கோபித்துக்கொண்டிருக்கிறவர்கள் கோபமாகவே இருங்கள். வேண்டிக்கொள்ள வாய் வராவிட்டால் விட்டுவிடுங்கள். அவர் திரும்பிப் படுக்கவில்லை, அதை நான் உலகத்தின் கடைசியில் இருந்து பார்த்துவிட்டேன். அவர் பக்கம் நீட்டிய காலை மட்டும் கொஞ்சம் மடக்கிக்கொள்ளுங்கள். மற்றதை அவர் பார்த்துக்கொள்வார்.