நடுக்கம் யாருடையது

என் தம்பி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்கிறான். சட்டத்துக்கு ஏற்றபடி லென்சின் ஓரத்தைச் சாணை பிடித்து உட்கார வைப்பது அவன் வேலை. ஒரு மயிரிழை கூடினாலும் சட்டம் தெறித்துவிடும். பதினெட்டு வருடத்தில் அவன் கையில் தெறித்த சட்டங்கள் இரண்டே இரண்டு. இதை அவன் யாரிடமும் சொல்லமாட்டான். நான்தான் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்வேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியங்களில் அவன் கிட்டார்க்காரன். நான்கு பேர் கொண்ட குழு. வாசிப்பதெல்லாம் பழைய ராக் பாட்டுகள், பாதிக்கு மேல் அவர்கள் பிறப்பதற்கு முன்பே வந்தவை. டிரம்ஸ் அடித்துக்கொண்டே பாடுகிறவர் ஒரு பேக்கரிக்காரர். பேஸ் கிட்டார் என் வீட்டுக்காரர். தம்பியோடு ஒத்திகைக்கு வந்துபோனவர் அப்படியே எங்கள் வீட்டு மாப்பிள்ளையாகிவிட்டார். கடைசியாகச் சேர்ந்தவன் இரண்டாவது கிட்டார்க்காரன், லிஃப்ட் மெக்கானிக். ஆறடிக்கு மேல் உயரம். ஒரு காலை மடக்கிச் சுவரில் ஊன்றிக்கொண்டுதான் வாசிப்பான். அதனால் அவன் பெயர் கொக்கு.

ஒத்திகை என் தையல் கூடத்தில் நடக்கும். பள்ளிச் சீருடை தைக்கிற இடம். மூன்று சுவரிலும் துணிச் சுருள்களை உத்தரம் வரை அடுக்கியிருப்பதால் சத்தத்தைத் துணி குடித்துவிடும். அவர்கள் வாசிப்பார்கள், நான் மேசையில் துணி வெட்டிக்கொண்டே கேட்பேன். ஒவ்வொரு ஞாயிறும் அலமாரி மேலிருக்கிற டேப் ரிக்கார்டரில் பதிவு செய்து, டேப்பின் மேல் எண், தேதி, யார் வந்தார்கள், யார் வரவில்லை, அன்று என்ன விசேஷம் என்று எழுதி ஒட்டிவிடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. எழுதிவைக்கிற பழக்கம் நிற்கவில்லை. அளவை மனதில் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிறவளை நான் வேலைக்குச் சேர்ப்பதில்லை.

ஆறாவது டேப்பில் கொக்கு வந்தான். வந்த புதிதில் தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. இனி இரண்டு கிட்டார், பாட்டு நிரம்பி வழியும் என்றான். அப்போது கொக்கு கொட்டுகிற மழை மாதிரி வேகமாக வாசிப்பான். தம்பி நிதானம், ஒரு சுரத்தை எடுத்தால் அதை ஆற அமர வைத்திருந்துதான் விடுவான். சில மாதங்களில் கொக்கின் கை நிதானமானது. தம்பியின் கையில் வேகம் ஏறியது. எனக்கு அது சட்டென்று தெரிந்தது. தம்பிக்கு அதில் ஒரு பாதி மட்டும்தான் தெரிந்தது.

"என் கையப் பாத்துப் பாத்துத் திருடறான்க்கா" என்றான்.

அடுத்த ஞாயிறு, கொக்கு விரலைப் பார்க்கக்கூடாது என்று, தம்பி சுவரைப் பார்த்து நின்று வாசித்தான். அது ஏதோ புது ஸ்டைல் என்று கொக்கு நினைத்தானோ என்னவோ, அதற்கடுத்த ஞாயிறு அவனும் எதிர்ச்சுவரைப் பார்த்து நின்றான். இரண்டு முதுகுகளுக்கும் நடுவில் பேக்கரிக்காரர் பாடினார்.

சண்டை முற்றியது ஒரு நடுக்கத்தால். கிட்டாரில் கம்பியை விரலால் தள்ளி வளைத்தால் சுரம் மேலே ஏறும். ஏறிய இடத்தில் விரலை அசைத்தால் சுரம் நடுங்கும். எல்லோரும் ஏறியவுடன் நடுக்கிவிடுவார்கள். தம்பி அப்படிச் செய்வதில்லை. மேலே போய் ஒரு மூச்சு நேரம் சும்மா நிற்பான், சுரம் மொட்டையாக நிற்கும். கேட்கிறவர்களுக்கு அடுத்தது என்ன என்று இருக்கும்போது மெல்ல நடுக்குவான். கொக்கும் அதையேதான் செய்தான். புதிய நூலகக் கட்டடத் திறப்பில் வாசிக்க அழைப்பு வந்தபோது, கடைசிப் பாட்டின் நீண்ட தனி வாசிப்பைக் கொக்குக்குக் கொடுக்கலாம் என்றார் பேக்கரிக்காரர்.

"கொக்கோட அந்த நடுக்கம் இருக்கே, அதுக்கே ஜனம் எழுந்து நிக்கும்."

தம்பியின் முகம் சுண்டிப்போனது. கிட்டாரைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தான். "அது என்னோடது. இனிமே இங்க அவன் இருந்தா நான் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போனான். நிகழ்ச்சிக்கு நான்கு வாரம் இருந்தது.

எனக்கும் பொறுக்கவில்லை. ஒளிக்க என்ன இருக்கிறது? என் தம்பியின் விரலில் பிறந்ததை ஒரு நெட்டையன் தன்னுடையதென்று வாசிப்பானாம், அதற்கு ஜனம் எழுந்து நிற்குமாம். என் அலமாரியில் நாற்பத்து மூன்று டேப்புகள் இருந்தன. தேதி போட்டு நிரூபித்துக் காட்டுகிறேன் என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மதியங்களில் சட்டைக் காலருக்கு இஸ்திரி போட்டபடி, புதியதிலிருந்து பழையதற்குப் பின்னோக்கிக் கேட்டுக்கொண்டே வந்தேன். கிட்டார் சத்தம் வெளியே வருகிற பெட்டி, ஆம்ப், தம்பியுடையது கரகரப்பானது, கொக்கினுடையது கூர்மையானது, எனக்குக் குழப்பமில்லை. இருபத்தொன்று வரை இருவரிடமும் அந்தக் காத்திருப்பு இருந்தது. இருபதிலிருந்து தம்பியிடம் இல்லை, கொக்கிடம் இருந்தது. பதினான்கின் மேல் என் கையெழுத்தில் 'தம்பி வரவில்லை, காய்ச்சல்' என்று இருந்தது. அதில் கொக்கு மட்டும் வாசித்தான். மூன்று இடத்தில், ஒரு மூச்சு காத்திருந்து, பிறகு நடுக்கினான்.

ஆக, எடுத்தது என் தம்பி. இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். பிறகு பதினான்காவது டேப்பைப் பித்தான் டப்பாவின் அடியில் போட்டு மூடினேன்.

மறுநாள் என் வீட்டுக்காரர் அலமாரி முன்னால் நின்றார். "பதிமூணு, பதினஞ்சு. உன் கையில நம்பர் தாண்டுமா?"

நான் ஊசியில் நூல் கோத்தேன்.

"ஏம்மா, எங்க அது?"

"அவன் என் தம்பிங்க."

"எனக்கும் மச்சான்தான். அதுக்காக ஒருத்தனத் திருடன்னு சொல்லித் துரத்த முடியுமா?"

பித்தான் டப்பாவைத் திறந்து எடுத்துக் கொடுத்தேன். ஆனாலும் மனம் ஒப்பவில்லை. பிடிவாதத்தில் பதின்மூன்று, பன்னிரண்டு என்று மேலும் பின்னால் போனேன். இருவரிடமும் அது இல்லை. பதினொன்றில் தம்பியின் ஆம்பிலிருந்து லேசாகக் கேட்டது. பத்தில் நன்றாகவே கேட்டது. ஒன்பதாவது டேப்பில் தம்பி கம்பியைத் தள்ளினான், சுரம் மேலே போய் மொட்டையாக நின்றது. பக்கத்தில் யாரோ பல்லுக்கிடையே 'ஸ்ஸ்' என்று மூச்சிழுத்தார்கள். பிறகு சுரம் மெல்ல நடுங்கியது. டேப்பைத் திருப்பி எழுத்தைப் படித்தேன்: 'தம்பிக்கு இடது மோதிர விரலில் லென்ஸ் வெட்டு. இரண்டு தையல். கட்டோடு வாசித்தான்.'

பன்னிரண்டில் கட்டு அவிழ்த்தாயிற்று என்று நானே எழுதியிருந்தேன். அதோடு காத்திருப்பும் போயிருந்தது.

வருகிற ஞாயிறு ஒரு தடவை மட்டும் வந்துவிட்டுப் போ என்று தம்பியைக் கூப்பிட்டேன். என் சொல்லைத் தட்டமாட்டான், வந்தான். நால்வரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நிற்க, முதலில் ஒன்பதையும் பிறகு பதினான்கையும் போட்டேன். யார் எப்போது வாசித்தது என்று தேதியோடு படித்தேன். தம்பிக்குச் சாதகமாக ஒரு வார்த்தை கூட்டவில்லை. கூட்டவேண்டும் போலத்தான் இருந்தது.

கொக்கு சுவரிலிருந்து காலை இறக்கினான்.

"அன்னைக்கு இவன் இத வாசிச்சிட்டுப் போனதுக்கப்புறம் எனக்கு நாலு நாள் சோறு எறங்கலக்கா. இவனுக்கு மட்டும் எங்கேர்ந்து வருதுன்னு ஒரே எரிச்சல். லிஃப்ட்டுக்குள்ள நின்னுக்கிட்டு வெறும் கையில பழகினேன்."

"அது ஸ்டைல் இல்லடா" என்றான் தம்பி. "வலி."

"என்னது?"

"தையல் போட்ட விரல். கம்பியத் தள்ளினதும் உயிர் போச்சு. அது அடங்கற வரைக்கும் அசைக்க முடியல."

கொக்கு தன் மோதிர விரலைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான். "ஒரு கீறல்கூட இல்லாம மூணு வாரம் உன் வலியப் பழகியிருக்கேன்டா நான்."

பேக்கரிக்காரர் சிரித்த சிரிப்பில் டிரம்ஸ் குச்சி உருண்டு மேசைக்கு அடியில் போய்விட்டது. தம்பி சிரிக்கவில்லை.

"அப்ப என் வலியக்கூட நீ விட்டுவைக்கல."

"நீ மட்டும்? அதத் திரும்ப என்கிட்டேர்ந்துதான எடுத்துக்கிட்ட?"

தம்பிக்கு அந்தத் தனி வாசிப்பை விட்டுக்கொடுக்கவும் மனமில்லை, எனக்கே வேண்டும் என்று கேட்கவும் வாயில்லை. கிட்டாரைப் பையிலிருந்து எடுத்துச் சுருதி சேர்த்தான். நெடுநேரம் சேர்த்தான். பிறகு தலை நிமிராமல் சொன்னான்:

"நான் தள்ளி நிறுத்தறேன். நடுக்கத்த நீ போடு."

தம்பி சுரத்தை மேலே ஏற்றி மொட்டையாக நிறுத்தவேண்டும். ஒரு மூச்சு கழித்துக் கொக்கு தன் கம்பியில் அதே சுரத்துக்கு வந்து நடுக்கவேண்டும். கேட்கிறவர்களுக்கு ஒரே கிட்டார் போலிருக்க வேண்டும். இதற்கு ஒருவன் விரலை இன்னொருவன் பார்த்தே ஆகவேண்டும். இருவரும் சுவரை விட்டுத் திரும்பினார்கள். முதல் ஞாயிறு முழுக்க முட்டிக்கொண்டார்கள். இரண்டாவது ஞாயிறு நான்கு தடவை சரியாக வந்தது, எண்ணினேன்.

நூலகத் திறப்பு ஒரு சனிக்கிழமை மாலை. டேப் ரிக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். கடைசிப் பாட்டில் அந்த இடம் வந்தது. சுரம் ஏறி நின்றது. கூடத்தில் ஒரு நாற்காலிகூடக் கிறீச்சிடவில்லை. பிறகு நடுக்கம் வந்தது. அது எப்போது கைமாறியது என்று எனக்கே தெரியவில்லை. பக்கத்தில் இருந்த நூலகர் அம்மா குனிந்து, இதை வாசிப்பது எந்த ஆள் என்று கேட்டார்.

"அந்தக் குட்டையா இருக்கறவன். என் தம்பி" என்றேன். பிறகு பாட்டு முடிவதற்குள், "அந்த நெட்டையும் கொஞ்சம்" என்று சேர்த்துக்கொண்டேன்.

வயர்களைச் சுருட்டும்போது தம்பி என்னிடம் வந்து குரலைத் தணித்தான். "கொக்கு ஒரு இடத்துல லேசா முந்திட்டான், இல்லக்கா?"

ஒரு மூச்சு, கச்சிதமாக இருந்தது. "ஆமா, லேசா" என்றேன். அவன் முகம் தெளிந்தது.

அவன் அந்தப் பக்கம் போனதும் கொக்கு வந்து நின்றான். "அக்கா, உங்க தம்பி ஒரு இடத்துல கொஞ்சம் இழுத்துட்டான், கவனிச்சீங்களா?"

"இல்லையே, கச்சிதமாத்தான் இருந்துச்சு" என்றேன்.

நாற்பத்தாறாவது டேப்பில் தேதி, இடம், நால்வரும் வந்தது எல்லாம் எழுதியிருக்கிறேன். இந்த இரண்டு பதில்களையும் எழுதவில்லை.